முழங்காலுக்குக் கீழே

பேன்ட் தைக்காத தையல்காரர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். சட்டையும் தைக்கமாட்டார். கோட்டு, கோட்டு மட்டும்தான். வேறு எதையாவது எடுத்துக்கொண்டு போனால் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எதிர்க்கடையைக் கை காட்டுவார். அது அவருடைய மைத்துனன் கடை என்பதால் வியாபாரம் வெளியே போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பமாட்டேன். ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன்.

“முழங்காலுக்குக் கீழ நமக்கு வேலை இல்ல தம்பி. படத்துல இல்லாததை நான் எப்படித் தைக்கிறது?” என்றார்.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், மீன் வாடை வந்து சேர்கிற எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் கடை. ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, கரி போட்ட இஸ்திரிப்பெட்டி, முழங்கால் வரைக்கும் காட்டும் ஒரு கண்ணாடி, சுவரில் ஒரு படம். இவ்வளவுதான் சொத்து. பெயர் வெளியே பலகையில் இருந்திருக்கலாம், வெயில் தின்றுவிட்டது. ஊரே அவரைப் பாய் என்றது. நானும் பாய் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

புதுச்சேரி வெயிலில் கோட்டு யாருக்கய்யா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானே பலமுறை வியர்வையோடு கேட்டிருக்கிறேன். கல்யாண மாப்பிள்ளைக்கு வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வேண்டும். போட்டோ பிடித்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியருக்குக் கொடியேற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஒரு கோட்டு தைத்தால் அது ஒன்பது கல்யாணத்துக்குப் போய்வரும். ஊரை இரண்டாகப் பிரிக்கிற கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பணக்காரர்களும் பென்ஷன்காரர்களும் தங்களுக்கென்று வேறு தையல்காரர்களை வைத்திருந்தார்கள். பாயிடம் வந்ததெல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள்: மில் தொழிலாளி, ஆபீஸ் பியூன், வாத்தியார், குமாஸ்தா.

படத்தைச் சொல்லாமல் பாயைச் சொல்ல முடியாது. ஒரு கை நீளத்துக்குக் கறுப்பு மையில் அச்சான பழைய பிரெஞ்சுப் படம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் தெரு. ஞாயிற்றுக்கிழமையாக இருக்கவேண்டும், ஒருத்தன்கூட வேலை செய்வதாகத் தெரியவில்லை. பதினாலு ஆண்கள், பதினாலு கோட்டு. தொந்தியைத் தள்ளிக்கொண்டு வருகிற வீட்டுச் சொந்தக்காரர். மார்பில் கையைச் செருகிக்கொண்ட வக்கீல். காது வரைக்கும் காலரை ஏற்றி வானத்தைப் பார்த்து நடக்கிற இளவட்டம். கட்டக் கடைசியில் நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திக்கொண்ட பெரிய மீசைப் பட்டாளத்துக்காரர். எல்லோரும் முழங்கால் வரைக்கும்தான் தெரிவார்கள். அதற்குக் கீழே மரச்சட்டம் வந்துவிடும். ஒவ்வொரு தலைக்கு மேலும் பாய் பென்சிலால் நம்பர் போட்டிருந்தார்.

மூக்குகள்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஒன்று வாழைக்காய் மாதிரி தொங்கும், ஒன்று மேலே பார்க்கும். தாடைகளும் அப்படித்தான். வெள்ளைக்காரன் மூஞ்சி பழைய காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். எங்களுக்கு அவன் மூக்கா முக்கியம்?

அந்தப் படம் அவருக்கு வந்த கதையை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறிய காலத்தில் அவருக்கு இருபது வயது. யாரோ ஒரு துரை வீட்டில் கிழிந்த திரைச்சீலை தைக்கப் போயிருக்கிறார். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த மதாம் இந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி இவர் கையில் கொடுத்தாள். படத்தில் இருந்த கோட்டுகளைக் காட்டினாள், இவர் கத்தரியைக் காட்டினாள், பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். இவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்த மாதிரி தைக்கக் கற்றுக்கொள், நன்றாக வருவாய் என்று சந்தோஷமாக ஆசீர்வாதம் பண்ணினாள் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு விட்டதுதான் திரைச்சீலை. அதற்குப் பிறகு கோட்டைத் தவிர வேறு எதிலும் கை வைக்கவில்லை.

கடைக்கு யார் போனாலும் பாய் முதலில் டேப்பை எடுக்கமாட்டார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் ஆளை மேலிருந்து முழங்கால் வரைக்கும் பார்ப்பார். அப்புறம் படத்தைப் பார்ப்பார். மறுபடி ஆளைப் பார்ப்பார். பிறகு, டாக்டர் வியாதி பெயர் சொல்வதுபோல, “ஒன்பது” என்பார். முடிந்தது. ஒன்பதாம் நம்பர் கோட்டுதான் உங்களுக்கு. எனக்கு ஆறு பிடித்திருக்கிறது என்று அழுதாலும் நடக்காது. உலகத்தில் மொத்தம் பதினாலு விதமான ஆண்கள்தான் என்பது அவர் முடிவு. அதிலும் பதிமூன்று விதத்தைத்தான் எங்கள் பக்கத்தில் பார்த்திருந்தார். பதினாலாம் நம்பர் பட்டாளத்துக்காரருக்குப் பொருத்தமான ஆள் அவர் கடை வாசலை மிதிக்கவே இல்லை. வருவான், எங்க போயிடப்போறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அளவெடுக்கும் விதம் இன்னும் மோசம். “மூச்சை நல்லா இழுங்க. நெஞ்சை விரிங்க. விடாதீங்க” என்பார். அந்த விரிந்த நெஞ்சுக்குத்தான் அளவு. மூச்சை விட்டுவிட்டால் டேப்பை உருவிக்கொண்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து. இப்படித் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் சாதாரணமாக நின்றால் முன்பக்கம் குழி விழும். கூன் போட்டால் காலர் தாடையில் இடிக்கும். நிமிர்ந்து நெஞ்சை விரித்து நின்றால் மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் கச்சிதமாக உட்காரும். மூன்று மணி நேரம் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று ஒரு மாப்பிள்ளை சண்டைக்கு வந்ததை நானே பார்த்தேன். கோட்டு உங்களுக்கு ஏத்த மாதிரி இருக்காது, நீங்கதான் கோட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கணும் என்று பாய் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். ஆள் பாதி ஆடை பாதி என்பதை அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. ஆள் கால்தான், முக்கால் ஆடை என்பார்.

எங்கள் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இருந்தார், ஒட்டடைக்கம்பு கணக்காக உடம்பு. பாய் அவரைப் பார்த்துவிட்டு “ஒண்ணு” என்றார். ஒன்று யார்? தொந்தி வீட்டுக்காரர். வாங்கிப் பார்த்தால் கோட்டின் முன்னால் ஒரு பூசணிக்காயை வைக்கிற அளவுக்கு இடம். குமாஸ்தா கண் கலங்கிவிட்டார். வயிறு வரும், வர்றப்ப கோட்டு ரெடியா இருக்கணும் என்று பாய் சமாதானம் சொன்னார். நாங்கள் எல்லோரும் அந்த மனிதரை ஒரு வருஷம் ஓட்டினோம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் பார்க்கிறேன், அதே கோட்டு, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் நிறைந்து நிற்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

முதலியார்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியருக்கு ஐந்தாம் நம்பர். அவர் பெரிய கும்பிடு ஆசாமி. மேலதிகாரி வருகிறார் என்றால் வாசலிலேயே பாதியாக மடங்கிவிடுவார். பாய் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு முதல்தடவை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார். மடங்கப் பார்க்கிறார், கோட்டு விடவில்லை. இன்ஸ்பெக்டரின் பேனா கீழே விழுந்திருக்கிறது. இவர் குனிய முடியாமல் விறைப்பாகவே நிற்க, இன்ஸ்பெக்டர் தானே குனிந்து எடுத்துக்கொண்டு, ‘உட்காருங்க சார்’ என்று இவருக்கு நாற்காலியும் காட்டினாராம். அதிலிருந்து தலைமையாசிரியர் கோடையிலும் கோட்டோடு அலைந்தார். அவர் வீட்டம்மாள் பாயைச் சபித்தது எங்கள் தெரு வரைக்கும் கேட்டது.

சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் என் அப்பாவின் கோட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது, இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மில்லில் நூல் பிரிவில் வேலை செய்தவர். ஆயுசில் செருப்புப் போட்டவர் இல்லை. பாதம் இரண்டும் கட்டாந்தரை மாதிரி வெடித்திருக்கும். அக்கா கல்யாணத்துக்காக வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு கோட்டுத் தைக்கப் பாய் கடைக்குப் போனார். கூட நானும் போனேன். அப்பா கடைக்கு வெளியிலேயே தயங்கி நின்றார், உள்ளே விரித்திருந்த துணி தன் காலில் பட்டு அழுக்காகிவிடும் என்று. பாய் அவர் காலைப் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “ஏழு” என்றார்.

ஏழு, வக்கீல். மார்பில் கை செருகிய ஆள். அப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அக்கா கல்யாணம் முடிந்த பிறகு அந்தக் கோட்டை அவர் இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டார். எனக்குக் காலேஜில் இடம் கேட்டு, அங்கே அதிபராக இருந்த பாதிரி சாமியாரைப் பார்க்கப் போன அன்றைக்கு, மே மாதத்தில், கோட்டோடு, வெறுங்காலோடு. வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்தான். அப்பா மார்பில் கையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். வழக்கமாக அவர் பெரிய மனிதர்கள் முன்னால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்று காலர் விடவில்லை. சாமியார் முகத்தைப் பார்த்துப் பேசினார். எனக்கு இடம் கிடைத்தது. நான் சாகும்வரைக்கும் பாய்க்கு நன்றி சொல்லவேண்டிய விஷயம் இது. ஒருநாளும் சொல்லவில்லை, அது வேறு.

அப்பாவுக்கு அளவெடுத்த அன்றே பாய் என்னையும் ஒரு பார்வை பார்த்துவைத்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. கேள்விக்குறி மாதிரி நடப்பேன். எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் அந்த வளைவு உண்டு.

“நாலு,” என்றார் பாய். “உங்க கல்யாணத்துக்கு வாங்க. நாலு தைச்சுத் தர்றேன்.”

நாலாம் நம்பர், காலரை ஏற்றி வானம் பார்க்கிற இளவட்டம். அப்பா சிரித்தார். நான் முறைத்தேன். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் படத்தில் அந்த ஆளைத்தான் தேடுவேன். அவன் என்னமோ ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நடந்துகொண்டிருப்பான்.

எண்பதுகளில், எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, மார்க்கெட்டில் கத்தரிக்காய்க் கூடை முன்னால் குனிந்து நின்றிருந்தேன். பின்னாலிருந்து, “மூச்சு!” என்று ஒரு குரல். என்னையறியாமல் நெஞ்சை விரித்து நிமிர்ந்துவிட்டேன். திரும்பினால் பாய், கையில் பையோடு, ஒன்றுமே சொல்லாதவர் மாதிரி வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இனி என் கல்யாணக் கதை. எனக்குப் பார்த்த பெண் ஒரு சொல்தா மகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் வருங்கால மாமனார் மூன்று தேசத்தில் சண்டை போட்டவர், நெஞ்சில் குத்திக்கொள்ள ஆறு பதக்கம் வைத்திருந்தவர். அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியாது. சாவு வீட்டில்கூட இறந்தவர் வயதைத் திருத்திவிட்டுத்தான் மாலை போடுவார்.

நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் பக்கத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் பாய் கோட்டில் போயிருந்தோம். எனக்கு மட்டும் கடன் கோட்டு. முசியே எங்களை வரிசையாகப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். இந்தத் தோள்பட்டையை எங்கேயோ பார்த்திருக்கிறேன், எந்த ஊரில் என்று ஞாபகம் வரமாட்டேன் என்கிறது என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். 

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கோட்டுத் துணி கொடுப்பது எங்களில் வழக்கம். பிரான்சிலிருந்து ஆள் மூலம் வரவழைத்த சாம்பல் நிறத் துணி, அஞ்சு கெஜம், தாராளமாகவே கொடுத்தார். தன்னுடைய தையல்காரனிடம் கொடுக்கிறேன் என்றார். நான் எதற்கும் தலையாட்டுகிற ஆள். அன்று என்னமோ, பாயிடம்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டேன். சரி, நானும் வந்து அந்த ஆளைப் பார்க்கிறேன் என்றார் முசியே.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. ட்ரையலுக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். ஓட்டுத்தையல் போட்ட அரைகுறைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். வெளியே ரிக்‌ஷா மணி. முசியே வந்து இறங்கினார். ஞாயிறு பூசை முடிந்து நேராக வருகிறார்: கோட்டு, டை, ஆறு பதக்கம், தொப்பி. வாசற்படியில் ஏறினவர் படத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

பிறகு சிரித்தார் பாருங்கள், பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கின. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பாய்க்கு ஒரே சந்தோஷம். வெள்ளைக்கார மதாமுக்கு அப்புறம் இந்தப் படத்தைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்த ஆள் இவர்தான் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளபடிக்கு அந்த மதாம் எதற்குச் சிரித்தாள் என்பது அந்த நிமிஷம்தான் என் மரமண்டையில் ஏறியது. மூக்கு, தாடை, தோள்பட்டை எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன.  இருபத்தைந்து வருஷமாக இந்த மனிதர் இந்தப் படத்தை நம்பித்தான் கத்தரி பிடித்திருக்கிறார். எதிரே நிற்பவரோ தப்பைத் திருத்தாமல் வீட்டுக்குப் போகமாட்டார். மாமா, வாங்க, டீ சாப்பிடலாம் என்று கெஞ்சினேன். மூச்சை விடாமல் கெஞ்சியதால் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

முசியே ஆரம்பித்துவிட்டார். பிரான்சில் மார்சே ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்த மாதிரிப் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைப் புரட்டியிருக்கிறாராம். இது உடுப்புப் படம் இல்லை, கேலிப்படம். அந்தக் காலத்தில் பாரிஸில் வாராவாரம் இப்படிப் போட்டு ஊர்க்காரர்களை நையாண்டி பண்ணுவார்கள். படத்துக்குக் கீழே கட்டாயம் ஒரு வரி இருக்கும், எங்கே அது என்று கேட்டார். அப்படி ஒரு வரி இல்லையே என்றார் பாய். இருக்கும் என்று முசியே படத்தை ஆணியிலிருந்து கழற்றி, வெட்டு மேசையில் கவிழ்த்து, பின்பக்க ஆணிகளைக் கத்தரியின் முனையால் நெம்பினார். பாயின் கத்தரியால். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா கோயிலில் நிற்பதுபோல நின்றார்.

படத்தைவிடச் சட்டம் சின்னது. எவனோ அடிப்பாகத்தில் நாலு விரல் அகலத்தை மடித்து உள்ளே தள்ளிச் சட்டம் போட்டிருந்தான். முசியே மடிப்பைப் பிரித்தார்.

கால்கள். பதினாலு ஜோடிக் கால்கள். தொந்தி வீட்டுக்காரரின் பூட்ஸ் வாயைப் பிளந்திருந்தது. ஐந்தாம் நம்பர் ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் கந்தல் சுற்றியிருந்தான். வானம் பார்த்து நடந்த என் நாலாம் நம்பரின் கால் பக்கத்தில் ஒரு நாய் தன் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. மார்பில் கை செருகிய வக்கீலுக்குக் காலில் ஒன்றுமே இல்லை. வெறுங்கால், விரல்கள் விரிந்து தெருச் சேற்றில் பதிந்திருந்தன. அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு முசியேமேல் வந்த கோபம் இருக்கிறதே, கல்யாணமும் வேண்டாம் துணியும் வேண்டாம் என்று கோட்டைக் கழற்றி எறியத்தான் கை போனது.

கால்களுக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரி. முசியே விரல் வைத்துப் படித்தார். தமிழிலும் சொன்னார்: “இந்தக் கனவான்கள் வீட்டுக் கண்ணாடி முழங்கால் வரைக்கும்தான்.”

 எதிர்க்கடை மைத்துனன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்து, ஒவ்வொரு காலாகப் பார்த்தார். இடமிருந்து வலம் போனார். ஏழாவதில் கொஞ்ச நேரம் நின்றார். காதில் செருகியிருந்த சாக்பீஸ் மேசையில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. எனக்கு மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை.

“அப்ப சிரிக்கிறதுக்குப் போட்ட படமா முசியே இது?”

“ஆமா பாய். தப்பா எடுத்துக்காதீங்க. உண்மைய சொல்லிடணும்ல.”

“சொல்லத்தான் வேணும்,” என்றார் பாய். இன்னும் படத்தைவிட்டு நிமிரவில்லை. “கால்ல ஒண்ணுமில்லன்னு சிரிச்சிருக்காங்க. என்கிட்ட கோட்டு தைக்க வந்தவங்கள்ள எத்தினி பேரு கால்ல செருப்பு இருந்துது?”

 அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. விரலால் பதினாலு கோட்டுகளையும் ஒருமுறை தடவினார். எவ்வளவோ கேலி பண்ணினவனும் கோட்டில் மட்டும் கை வைக்கவில்லை, ஒரு சுருக்கம் தப்பாக விழவில்லை, படம் போட்டவன் தையல் தெரிந்தவன் என்று தனக்குள் பேசிக்கொண்டார். இந்தக் காலை வைத்துக்கொண்டு இவன் எப்படி நிமிர்ந்து போகிறான் பார், அது தைத்தவன் கை என்றார். குரலில் பொறாமைகூட இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தார்.

“கண்ணாடி முழங்கால் வரைக்கும் இருந்தா போதும் முசியே. அதுக்குக் கீழ ஆண்டவன் பார்த்துக்குவான்.”

முசியே ஏதோ திருத்தம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் மூடிக்கொண்டார். ஏனென்றால் அவர் கண் படத்தின் வலது ஓரத்துக்குப் போயிருந்தது. அங்கே பதினாலாம் நம்பர் பட்டாளத்துக்காரர், மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம். கீழே, ஒரு காலில் துணிக்கட்டு, இரண்டு காலிலும் வீட்டுக்குள் போடுகிற தேய்ந்த செருப்பு. முசியே தன் காலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம், பார்க்காமல் எப்படி இருப்பது? வாதம் வந்து வீங்கின கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றி, கோட்டு டை பதக்கத்தோடு நீல வார் ரப்பர் செருப்பில்தான் மனிதர் பூசைக்குப் போய்வந்திருந்தார்.

சிரித்திருந்தால் என் கல்யாணம் அங்கேயே முறிந்திருக்கும். அப்பா கூரையைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், அது முழங்காலோடு நின்று என் மானத்தைக் காப்பாற்றியது. பாய் மட்டும் இடது கண்ணை மூடிக்கொண்டு முசியேயைத் தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். அதற்குக் கீழே அவர் பார்வை இறங்கவே இல்லை. இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்தவரின் சந்தோஷம் அவர் முகத்தில் மெல்ல மெல்ல வந்தது.

“பதினாலு,” என்றார்.

முசியே தன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே, துணியில் மிச்சம் இருக்குமா என்று கேட்டார். அஞ்சு கெஜம் கொடுத்தீங்களே, தாராளமா இருக்கும் என்றார் பாய். மூச்சை இழுக்கச் சொன்னார். மூன்று தேசத்தில் சண்டை போட்ட மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி மூச்சை இழுத்தார்.

அளவெடுத்து முடிந்ததும், பெரிய சட்டமாகப் போட்டுக் காலும் தெரிகிற மாதிரி மாட்டலாமா என்று முசியேதான் கேட்டார். அவருக்கு எதுவும் முழுசாக, சரியாக இருக்கவேண்டும்.

“வேணாம். மடிச்சே இருக்கட்டும்,” என்றார் பாய். “பாவம், நாம காலைப் பார்த்தது அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

முசியே பழைய மடிப்பிலேயே மடித்து, சட்டத்துக்குள் வைத்து, ஆணிகளைக் கத்தரிப் பிடியால் தட்டித் தட்டி இறக்கினார். தானே மாட்டவும் செய்தார். இரண்டு தடவை சாய்வைச் சரி பார்த்தார்.

கல்யாணம் நடந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் போட்டோ. பாய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாழ்த்தெல்லாம் அப்புறம் என்று நேராகப் போட்டோக்காரன் பக்கத்தில் போய் நின்று, அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் கேமரா முக்காலியை ஓர் அடி முன்னால் நகர்த்திவைத்தான். “மூச்சு!” என்று பாய் குரல் கொடுத்தார். நான், அப்பா, மாமனார் மூன்று பேரும் நெஞ்சை விரித்தோம். என் மனைவி மட்டும் சிரித்துவிட்டாள்.

அந்தப் போட்டோ இப்போதும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் இருக்கிறது. நாலாம் நம்பரில் நான், ஏழாம் நம்பரில் மார்பில் கை செருகிய அப்பா, பதினாலாம் நம்பரில் பதக்கத்தோடு மாமனார். வருகிறவர்கள் எல்லோரும் யார் இவர்கள், ஜமீன் பரம்பரையா என்று கேட்கிறார்கள். நான் இல்லை என்று சொல்வதில்லை. என் காலில் சித்தப்பாவின் பூட்ஸ், இரண்டு சைஸ் பெரிசு, முனையில் செய்தித்தாள் திணித்தது. மாமனார் காலில் நீல வார் செருப்பு. அப்பா யார் சொல்லியும் கேட்காமல் வெறுங்காலோடு நின்றார். போட்டோ முழங்காலோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஆண்டவன் பார்த்துக்கொண்டான்.